உப்பும் நீரும் நம் உயிரணுக்களும்

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே தொங்கும் பையை எல்லாரும் பார்த்திருப்போம். "தண்ணீர் ஏற்றுகிறார்கள்" என்று சொல்கிறோம். உண்மையில் அது வெறும் தண்ணீர் அல்ல. பெரும்பாலான பைகளின் மேல் 0.9% சோடியம் குளோரைடு என்று அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கலந்திருக்கிறது என்று பொருள். ஏன் 9 கிராம்? 2 கிராமோ 30 கிராமோ ஏன் இல்லை? சுத்தமான நீரையே ஏற்றினால் என்ன?

இந்தக் கேள்விகளுக்கான விடை நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது. வயது கூடக்கூட அதைத் தெரிந்துகொள்வதன் தேவையும் கூடுகிறது. அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் திடீரென ஏற்படும் குழப்பம், தள்ளாட்டம், மயக்கம் ஆகியவற்றில் ஒரு பகுதிக்கு இந்த உப்பு, நீர்க் கணக்கு தவறிப்போவதுதான் காரணம். அப்படி வரும் குழப்பத்தைச் சரிசெய்ய முடியும்.

நீர் எந்தப் பக்கம் போகும்?

மாங்காயைத் துண்டுபோட்டு உப்பைத் தூவி வைத்தால், சிறிது நேரத்தில் பாத்திரத்தில் நீர் தேங்கிவிடும், துண்டுகள் சுருங்கியிருக்கும். பாயசத்துக்கு எடுத்த உலர்ந்த திராட்சையை வெறும் நீரில் ஊறவைத்தால் அது உப்பிக்கொள்ளும். இரண்டிலும் நடப்பது ஒன்றே. உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு நீரை எளிதில் விடும்; உப்பையும் சர்க்கரையையும் அவ்வளவு எளிதில் விடாது. அதனால் கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்துக்கு நீர் நகர்கிறது. இதற்குச் சவ்வூடுபரவல் என்று பெயர்.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பெயர் மட்டுமே புதிது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே பால்மரம் வெட்டத் தொடங்கியது ஏன்? வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பது வெட்டிய எல்லாருக்கும் தெரியும். மரப்பட்டையில் பால் ஓடும் குழாய்கள் இரவு முழுவதும் சவ்வூடுபரவலால் நீரை இழுத்து, விடியற்காலையில் நல்ல அழுத்தத்தோடு இருக்கும். கத்தி பட்டவுடன் அந்த அழுத்தம் பாலை வெளியே தள்ளும். வெயில் வந்ததும் இலைகள் நீரை ஆவியாக்கிவிட, குழாய்களில் அழுத்தம் இறங்கிவிடும். மங்கில் விழும் பாலும் குறையும்.

மரத்துக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மரத்தின் உயிரணுவுக்குச் சவ்வுக்கு வெளியே உறுதியான சுவர் இருக்கிறது. எவ்வளவு நீர் புகுந்தாலும் சுவர் தாங்கிக்கொள்ளும். மனிதர், விலங்குகளின் உயிரணுக்களுக்கு அந்தச் சுவர் இல்லை. சவ்வு மட்டுமே. அதனால்தான் நம் உடம்பு இரத்தத்தில் உள்ள உப்பின் அளவை இவ்வளவு கவனமாகக் காக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிவப்பணு, மூன்று கரைசல்கள்

இதைத் தெளிவாகக் காட்டுவது இரத்தத்திலுள்ள சிவப்பணு. நடுவில் இரு பக்கமும் குழிந்த வட்டத் தட்டுப் போன்ற வடிவம் அதற்கு. ஒரு துளி இரத்தத்தை மூன்று பங்காகப் பிரித்து மூன்று கரைசல்களில் விட்டு, நுண்பெருக்காடியில் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கரைசலில் 0.9% உப்பு. உள்ளேயும் வெளியேயும் கரைந்த பொருளின் செறிவு ஏறக்குறைய சமம். உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் ஒரே அளவு. சிவப்பணு வடிவம் மாறாமல் இருக்கும். இதைச் சமச்செறிவுக் கரைசல் என்பார்கள்.

இரண்டாவதில் உப்பே இல்லாத தூய நீர். உயிரணுவுக்குள் கரைந்த பொருள் அதிகம் என்பதால் நீர் உள்ளே பாயும். தட்டு உருண்டையாகும், சவ்வு இறுகும், கடைசியில் வெடித்து உள்ளிருக்கும் சிவப்புப் பொருள் நீரில் கலந்துவிடும். கலங்கலாக இருந்த நீர் சிவந்த, தெளிந்த நீராக மாறும். தூய நீரை நரம்பு வழியாக நேராக ஏற்றினால் இதுதான் இரத்தத்துக்குள் நடக்கும். வாயால் குடிக்கும் நீர் அப்படியில்லை. அது குடலில் மெல்ல உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலப்பதால் உயிரணுக்கள் வெடிப்பதில்லை.

மூன்றாவதில் 3% உப்பு. இப்போது வெளியே செறிவு அதிகம். நீர் உயிரணுவை விட்டு வெளியேறும். சிவப்பணு சுருங்கி, ஓரமெல்லாம் முள்முள்ளாகிவிடும். கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5%. தாகத்துக்குக் கடல்நீரைக் குடித்தவருக்குத் தாகம் தீராமல் கூடுவதும் இதனால்தான்.

நுண்பெருக்காடி வீட்டில் இருக்காது. பேரப்பிள்ளைகளோடு இதைச் செய்துபார்க்க ஒரு முட்டை போதும். முட்டையை ஓட்டோடு ஒரு கிண்ணம் வினிகரில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஊறவையுங்கள். ஓடு கரைந்து, தோல் போன்ற சவ்வு மட்டும் மிஞ்சும். அதை மெதுவாகக் கழுவி நீரில் ஒரு நாள் வைத்தால் முட்டை பருத்துவிடும். பிறகு கெட்டியான சர்க்கரைப் பாகில் வைத்தால் சுருங்கித் துவண்டுபோகும். அந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம். கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

9 கிராமைக் கண்டது எப்படி?

1832ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் காலரா பரவியது. வயிற்றுப்போக்கால் நீரையெல்லாம் இழந்து, நாடியே கிடைக்காமல் கிடந்த ஒரு மூதாட்டிக்குத் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் உப்புக் கரைசலை நேராக நரம்பில் செலுத்தினார். அந்த அம்மையார் கண் திறந்து பேசினார். ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மறுபடி ஏற்றப்படாமல் சில மணி நேரத்தில் இறந்துபோனார். ஆனாலும் வழி திறந்துவிட்டது. லாட்டாவின் கரைசலில் உப்பு இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு. சரியான அளவு அப்போது யாருக்கும் தெரியாது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹாம்பர்கர் என்ற அறிஞர், எந்தச் செறிவில் சிவப்பணுக்கள் வெடிக்கின்றன, எதில் வெடிக்கவில்லை என்று சோதித்துப் பார்த்து 0.9% என்ற அளவுக்கு வந்தார். இன்று புண்ணைக் கழுவவும் மூக்கைக் கழுவவும் அதே கரைசலைத்தான் தருகிறார்கள். வெறும் நீர் மூக்கில் ஏறினால் சுரீரென எரியும். இந்தக் கரைசல் எரியாது.

மூளைக்கு இடமில்லை

காலில் நீர் கோத்தால் கால் வீங்கும். தோலுக்கு விரிய இடமுண்டு. மூளையைச் சுற்றியிருப்பது மண்டையோடு. இரத்தத்தில் சோடியம் குறைந்தால், இரத்தம் நீர்த்த கரைசலாகிவிடும்; நீர் மூளையின் உயிரணுக்களுக்குள் புகும்; அவை வீங்கும்; விரிய இடமில்லை. தலைவலி, குமட்டல், சோர்வு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் எல்லாம் இதிலிருந்து வருகின்றன. மிகவும் குறைந்தால் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியத்தின் சரியான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். 125க்குக் கீழே போனால் ஆபத்து பெரிது. அதே சமயம், 130ஐ ஒட்டிய சிறு குறைவுகூட மூத்தோரின் நடையைத் தடுமாறச் செய்யும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் சிலருக்குச் சோடியம் குறைந்திருப்பதே தெரியவருகிறது.

பலர் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். "சோடியம் குறைவு என்றால் உப்புச் சாப்பிட்டது போதாது, இனி உப்பை அள்ளிப் போடலாம்" என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. உடலில் நீர் தேவைக்கு மேல் தங்கி, இருக்கும் உப்பை நீர்க்கச் செய்துவிடுகிறது என்பதே பெரும்பாலான நேரங்களில் காரணம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்ற பொது அறிவுரை உங்களுக்கும் பொருந்தும். மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னால் தவிர.

நீர் ஏன் தங்குகிறது? மூத்தோரிடம் அடிக்கடி காணும் இரண்டு காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மருந்து. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதையசைட், இண்டபமைட் போன்றவை சிலருக்குச் சோடியத்தை இறக்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் அப்படியே. மெலிந்த உடல்வாகுள்ள மூத்த பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதிலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில். இதனால் இவை கெட்ட மருந்துகள் என்று ஆகிவிடாது. நல்ல மருந்துகள்தாம், பக்கவாதத்தைத் தடுப்பவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். புது மாத்திரை தொடங்கியபின் இரத்தம் எடுக்க வரச் சொன்னால் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். அந்தப் பரிசோதனை எதற்கு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, சாப்பாடு. துணையை இழந்து தனியாக இருக்கும் மூத்தோர் பலர் ஒருவருக்காக எதற்கு உலை வைப்பது என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் தே ஓ, நாலு பிஸ்கட். மதியம் ரொட்டி, தே. இரவு கஞ்சித் தண்ணீர். வயிறு நிரம்பியதுபோல் இருக்கும். ஆனால் சிறுநீரகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வெறும் நீரை மட்டும் தனியாகப் பிரித்து வெளியே தள்ள அதனால் முடியாது. ஒவ்வொரு லிட்டர் சிறுநீரிலும் கொஞ்சமாவது உப்போ, புரதத்திலிருந்து வரும் யூரியாவோ இருந்தாக வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் ஒன்றுமில்லாமல் நாள் முழுதும் நீராகவே போனால், வெளியேற்றக் கூட்டாளி இல்லாமல் நீர் உள்ளேயே தங்கிவிடும். ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ சேர்ப்பது தசைக்கு மட்டுமல்ல, இந்தக் கணக்குக்கும் உதவும்.

இப்படி எண்ணிப் பாருங்கள். எழுபத்தைந்து வயது அம்மா. நேற்றுவரை பேரனின் பள்ளிக்கூட நேரமெல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், மூன்று நாளாக ஒரே தூக்கம். இன்று மகளையே யார் என்று கேட்கிறார். வீட்டில் ஒருவர் வயதாகிவிட்டது என்கிறார். இன்னொருவர் மறதி நோய் என்கிறார். கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வரலாம் என்றும் பேச்சு எழுகிறது. திருநீறு பூசுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் மறதி நோய் மூன்று நாளில் வருவதில்லை. சில நாள்களில் வந்த குழப்பத்துக்கு உடலில் காரணம் இருக்கும்: சோடியம், சர்க்கரை, கிருமித்தொற்று, பக்கவாதம், மருந்து. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், முகமோ கையோ ஒருபக்கம் தளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 999ஐ அழையுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், பாட்டு மருந்தும் லேகியமும் உட்பட, ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சேர்த்த பிறகு குடும்பத்தார் கேட்கும் கேள்வி: "உப்புத்தானே குறைவு, ஏற்றிவிட்டு நாளைக்கே வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?" கூடாது, அதற்கும் சவ்வூடுபரவல்தான் காரணம். சோடியம் மெல்லக் குறையும்போது மூளை உயிரணுக்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டொரு நாளில் தங்களுக்குள் கரைந்திருக்கும் பொருள்களில் கொஞ்சத்தை வெளியேற்றி, வீக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் வெளியே உப்பை மடமடவென்று ஏற்றினால், நீர் எதிர்த்திசையில் பாய்ந்து அவை சுருங்கும். நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை சேதமாகும். பேச்சும் விழுங்கும் சக்தியும் போகக்கூடிய சேதம் அது. அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அளவுக்கு மேல் சோடியம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிலருக்கு ஏற்றுவதே இல்லை. குடிக்கும் நீரைக் குறைக்கச் சொல்லிக் காத்திருப்பார்கள். "தண்ணீர்கூடத் தர மறுக்கிறார்கள்" என்று வருந்தி, பார்வை நேரத்தில் மறைவாக இளநீர் கொடுத்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கம்: வறட்சி

நம் நாட்டு வெயிலில் இன்னும் அதிகம் காண்பது மறுபக்கத்தை. நீர் குறைந்து, இரத்தம் செறிவு மிகுந்த கரைசலாகி, உயிரணுக்கள் சுருங்குவது. இளம் ஆணின் உடல் எடையில் ஏறக்குறைய 60% நீர். முதுமையில் அது பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. சேமிப்பே குறைவு. தாகம் என்ற எச்சரிக்கை மணியும் வயதானால் மெதுவாகத்தான் அடிக்கும். கூடவே, இரவில் எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமே என்று மாலை முழுதும் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று: நீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். விடிந்ததிலிருந்து மாலை வரை முக்கால் பங்கைக் குடித்துவிடுங்கள்.

பெரும்பாலோருக்கு நாளுக்கு 6 முதல் 8 குவளை போதும். தே, காப்பி, ரசம், மோர் எல்லாம் கணக்கில் சேரும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்து, மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே உங்களுக்கு. வறட்சியை அறியக் கையின் தோலைக் கிள்ளிப் பார்ப்பது மூத்தோருக்குச் சரிவராது. வயதான தோல் எப்போதும் மெதுவாகத்தான் திரும்பும். சிறுநீரின் நிறம், வாய் உலர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

தைப்பூசத்துக்கு விரதமிருந்து பத்துமலையின் 272 படிகளை ஏறும் மூத்தோர், ஏறுமுன் நீர் அருந்துங்கள். இடையில் சிறுசிறு மிடறாகக் குடியுங்கள். வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வியர்த்தபின் ஒரேயடியாக இரண்டு மூன்று லிட்டர் வெறும் நீரைக் குடித்தால், முன்பகுதியில் சொன்ன நீர்த்த நிலை வந்துவிடும். இறங்கி வந்து அன்னதானத்தில் சாப்பிட்டு நீர் குடிப்பதே நல்ல வழி.

வயிற்றுப்போக்குக்கு எது?

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். 1971ஆம் ஆண்டு வங்காளதேச அகதி முகாமில் காலரா வந்தபோது, ஏற்றுவதற்கான பைகள் தீர்ந்துபோய்விட்டன. திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் வீட்டாரிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை, 4 பேருக்கும் கீழே இறங்கியது. காரணம் குடலின் சவ்வில் இருக்கிறது. அங்கே சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் ஒரு வாசல் உண்டு. இரண்டும் உள்ளே போக, சவ்வூடுபரவலால் நீரும் பின்னாலேயே போகும்.

அதனால் பொட்டலத்தில் எழுதியுள்ள நீரின் அளவு மிக முக்கியம். ஒவ்வொரு வகைக்கும் அளவு வேறுபடும். படித்துப் பாருங்கள், எழுத்துச் சிறிதாக இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். சத்து கூடட்டும் என்று குறைந்த நீரில் கெட்டியாகக் கலந்தால், கரைசல் குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். இனிப்பான சோடா பானங்களும் அதையே செய்யும். ஐசோடோனிக் பானத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸைவிடச் சோடியம் குறைவு, சர்க்கரையோ கூடுதல். இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். ஆனால் அதில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரையும் நீரை இழுக்கும்

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது தனிச் செய்தி. இரத்தத்தில் குளுக்கோஸ் மிக அதிகமானால், அது உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும். சிறுநீரகத்தில் அந்த நீரையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம் இரண்டும் இப்படித்தான் வருகின்றன. காய்ச்சலோ கிருமித்தொற்றோ சேர்ந்தால், சில நாள்களில் கடும் வறட்சியாகி நினைவு மங்கக்கூடும். சர்க்கரை உள்ள மூத்தவர் சோர்ந்து படுத்து, சரியாகப் பதில் சொல்லாவிட்டால் விரல் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். பார்க்கக் கருவி இல்லையென்றால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வயிற்றின் வழியாகச் சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள் இதே விதியைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பையில் குளுக்கோஸ் கலந்திருப்பது, உடலில் தேங்கிய நீரை இழுத்து எடுப்பதற்குத்தான். செறிவு கூடிய பை அதிக நீரை எடுக்கும். எதை எப்போது என்பதைத் தாதி சொன்னபடியே செய்யுங்கள்.

கண்ணிலும் இது தெரியும். சர்க்கரை ஏறும்போது கண்ணின் லென்சுக்குள் அது வேறொரு பொருளாக மாறித் தங்கி, நீரை உள்ளே இழுக்கும். லென்சின் வடிவம் மாறிப் பார்வை மங்கும். சிகிச்சை தொடங்கிச் சர்க்கரை இறங்கும்போது மறுபடியும் மாறும். மருந்து தொடங்கிய புதிதில் "கண் இன்னும் மோசமாகிவிட்டது" என்று சிலர் மாத்திரையைக் குறை சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் காசு செலவழித்துப் புதுக் கண்ணாடி போட்டால், அடுத்த மாதம் அது பொருந்தாது. சர்க்கரை சில வாரங்கள் ஒரே நிலையில் இருந்த பிறகு கண்ணை அளந்துகொள்ளுங்கள். ஆனால் திடீரென ஒரு கண்ணில் பார்வை மறைந்தாலோ, திரை விழுந்ததுபோலவோ கரும்புள்ளிகள் மிதப்பதுபோலவோ தெரிந்தாலோ, அது லென்சின் நீர்க் கணக்கு அல்ல. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.